எண்ணூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

இருகரை என்று ஒரு தலைநகரம். மாநிலம் பிரிந்த சமயத்தில் இரண்டு பெரிய ஊர்கள் தலைநகரம் எனக்குத்தான், எனக்குத்தான் என்று முட்டிக்கொண்டதில், சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா நின்ற மூன்றாவது ஊருக்கு அந்த யோகம் அடித்தது. ஊர் பெரிசும் இல்லை, சிறிசும் இல்லை. பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சனம். நடுவில் கருமணியாறு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. வடகரையில் தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர்நீதிமன்றம், பெரியாஸ்பத்திரி, ஒரு கிழட்டுச் சிங்கமும் ஏகப்பட்ட மான்களும் உள்ள மிருகக்காட்சிசாலை, நான்கு சினிமாக் கொட்டகை. தென்கரையில் பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், காய்கறி மார்க்கெட், பள்ளிக்கூடங்கள், வீடுகள். சுருக்கமாகச் சொன்னால் கேட்க வேண்டியவர்கள் எல்லாம் தெற்கே, கொடுக்க வேண்டியவர்கள் எல்லாம் வடக்கே. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பாலம். அதன் நீளம் எண்ணூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்று அரசாங்கக் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் போட்டிருந்தது.

அந்த எண்ணுக்குப் பொறுப்பாளி, பொதுப்பணித்துறையின் தென்கரை அலுவலகத்தில் ஓவர்சியராக இருந்த சங்கரவடிவு. நாற்பத்தெட்டு வயது. வெள்ளிக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு இரண்டு கூலியாட்களோடு முப்பது மீட்டர் இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு போய் பாலத்தை அளப்பது அவள் வேலை. எதற்கு வாராவாரம் அளக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். வெள்ளைக்காரன் காலத்து உத்தரவு, ரத்து செய்ய யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். முப்பது மீட்டருக்கு ஒரு விளக்குக் கம்பம், ஆக இருபத்தேழு கம்பம், கடைசியில் இரண்டு மீட்டர் மிச்சம். கம்பங்களுக்கு ஒன்று முதல் இருபத்தேழு வரை வெள்ளைப் பெயிண்டில் எண் போட வைத்ததும் அவள்தான். பதினாறு வருஷத்தில் அந்தப் பாலம் ஒரு விரற்கடை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. பதிவேட்டில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் 'மாற்றமில்லை' என்று எழுதி எழுதி, அந்தச் சொல் அவள் கையெழுத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பாலம் நீள ஆரம்பித்தது ஒரு மாசி மாதத்துத் திங்கட்கிழமை. திங்கள் குறைதீர்க்கும் நாள். மாநிலத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் விடியற்காலையில் பஸ் இறங்கி, குழாயடியில் முகத்தைக் கழுவி, மனுவை நனையாமல் இடுப்பில் செருகிக்கொண்டு, பத்து நிமிஷத்தில் கடந்துவிடலாம் என்று பாலத்தில் ஏறிய சனம், மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வடகரையில் இறங்கியது. நேரம் முடிந்தது, அடுத்த வாரம் வாருங்கள் என்று குமாஸ்தா கதவைச் சாத்தினார். அதே பாலத்தில் அதே வேளையில் பகல்காட்சி சினிமாவுக்குப் போன கல்லூரிப் பையன்கள் வழக்கம்போலப் பத்தே நிமிஷத்தில் கடந்து, படம் பார்த்து முடித்து, திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எதிரே, நெற்றியில் வியர்வையும் கண்ணில் கலக்கமுமாக, மனுக்காரர்கள் இன்னும் நடந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டு வாரத்தில் ஊருக்குக் கணக்கு புரிந்துவிட்டது. யாருக்கு எவ்வளவு தேவையோ அவருக்குப் பாலம் அவ்வளவு நீளம். காற்று வாங்கப் போனவனுக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு மீட்டர். பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனவளுக்கு நாலு மைல். வழக்குத் தீர்ப்புக் கேட்கப் போனவனுக்கு ஒரு பகல். மந்திரிமார் கார்கள் கொடியைப் படபடக்கவிட்டு ஒன்றரை நிமிஷத்தில் போய்வந்தன. அதனால் பாலம் நீளுகிறது என்ற புகாரை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆம்புலன்ஸில் போனாலும், அது உள்ளே படுத்திருப்பவரின் அவசரத்தைத்தான் தாண்ட வேண்டியிருந்தது. ஆற்றில் பரிசல் போட்டுப் பார்த்தார்கள். ஆறும் பாலத்தோடு கூட்டு. பார்வைக்கு எதுவும் மாறவில்லை என்பதுதான் கொடுமை. வடகரைச் செயலகத்துக் கடிகாரத்தில் மணி என்ன என்று தென்கரையிலிருந்து படிக்கலாம், சிங்கம் கர்ஜித்தால் கேட்கும், ஆனால் போய்ச்சேர முடியாது.

ஏன் நீண்டது என்று ஆராய்ச்சி பண்ண ஊருக்கு நேரம் இல்லை. பிழைப்பு இருக்கிறதல்லவா? ஐந்தாம் கம்பத்தடியில் ஒருத்தி இட்லிச் சட்டியை வைத்தாள். பதினெட்டாம் கம்பத்தடியில் ஒருவர் வாடகைக்குப் பாய் கொடுத்தார். வடகரையில் நடந்த அரசாங்கப் பரீட்சைக்கு நன்றாகப் படித்த பிள்ளைகள் மணியடித்து முடிந்த பிறகு மூச்சிரைக்க வந்து சேர, புத்தகத்தைத் தொடாத தறுதலைகள் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தார்கள். தென்கரை மாப்பிள்ளை ஒருவன் பத்து நிமிஷத்தில் பாலத்தைக் கடந்து முகூர்த்தத்துக்கு முன்னாலேயே மண்டபத்துக்கு வந்துவிட்டதைப் பார்த்த பெண் வீட்டார், இவனுக்கு எங்கள் பெண்மேல் ஆசையே இல்லை என்று கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். மனுவை முறுக்குப் பொட்டலமாக மடித்து, சினிமாவுக்குப் போகிறவன்போலப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்து பார்த்தவர்கள் உண்டு. பாலம் ஏமாறவில்லை, பாட்டு தீர்ந்தது, பாலம் தீரவில்லை.

போகப் போக, போனவர்களில் சிலர் வராமலே இருந்தார்கள். தென்கரையில் நின்று பார்த்தால் பாலத்தின் நடுவில் புள்ளி புள்ளியாக அவர்கள் நடப்பது தெரியும். நடந்துகொண்டே இருப்பார்கள். திரும்பினால் பத்து நிமிஷத்தில் வீடு வந்துவிடலாம், ஆனால் கையில் மனு இருக்கும்போது யாருக்குத் திரும்ப மனசு வரும்? குடும்பத்தார் கரையில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இவ்வளவு நடந்தும் வெள்ளிக்கிழமை வந்தால் சங்கரவடிவு டேப்பை எடுத்துக்கொண்டு போனாள், அளந்தாள், எண்ணூற்றுப் பன்னிரண்டு. அவளுக்கு அங்கே என்ன தேவை இருந்தது? அளப்பது வேலை, அளந்தால் முடிந்தது. காணாமல்போனவர்களின் சொந்தக்காரர்கள் அலுவலகத்துக்கு வந்து அழுதபோது, அவளுடைய பதிவேட்டைத்தான் அதிகாரிகள் விரித்துக் காட்டினார்கள். இதோ பாருங்கள், மாற்றமில்லை என்று ஓவர்சியர் எழுதியிருக்கிறார், கையெழுத்தும் போட்டிருக்கிறார். பொய் எழுதவில்லை என்பதால் சங்கரவடிவுக்குத் தூக்கம் வந்தது. அந்தத் தூக்கத்தை நினைத்துப் பின்னாளில் அவள் வெட்கப்பட்டாள்.

சித்திரையில் ஓர் உத்தரவு வந்தது. வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடாது, கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று நம் சனங்கள் காலங்காலமாகச் சொல்வதுதானே? கேட்டால் போகிற காரியம் நினைவுக்கு வரும், நினைவு வந்தால் பாலம் நீளும் என்று இப்போது காரணமும் கிடைத்துவிட்டது. பாலத்தின் தென்முனையில் போலீஸ் ஒரு பலகை நட்டது: 'பாலத்தில் யாரும் யாரையும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடாது.' கேட்டவரை ஏட்டு மரியசூசை தன் காவல் கூண்டுக்குள் உட்காரவைத்து, சாயங்காலம்தான் விடுவார். முதலில் பாலத்தில் கேட்காமல் இருந்தார்கள். பிறகு பஸ் ஸ்டாண்டில், பிறகு தெருவில், கடைசியில் வீட்டுக்குள். புருஷன் செருப்பை மாட்டினால் பெண்டாட்டி சுவரைப் பார்ப்பாள். பத்து லட்சம் பேர் இருக்கிற ஊரில் யாரும் யாரையும் எதுவும் கேட்காமல் ஒரு கோடைகாலம் கழிந்தது.

அதைவிடப் பயமான ஒன்று பேச்சில் அடிபட்டது. நடுப்பாலத்தில் மஞ்சப்பைக்காரர் ஒருவர் இருக்கிறார், பங்குனியில் கிளம்பியவர், உத்தரவு வந்தது அவருக்குத் தெரியாது, எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிடுகிறார், அவரிடம் மாட்டினால் பிறகு கரையே கிடையாது என்று. நீண்ட பாலத்தில் நடந்து வந்தவர்கள், மஞ்சள் நிறம் கண்ணில் பட்டதுமே காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்ததாகச் சொன்னார்கள். சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைகளை அவர் பெயரைச் சொல்லி மிரட்டினார்கள்.

சங்கரவடிவின் கணவர் தாணுலிங்கம் பெண்கள் பள்ளியில் டிரில் மாஸ்டர். கபடிப் பிள்ளைகளோடு கத்திக் கத்திக் குரல் எப்போதும் கட்டியிருக்கும் மனிதர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். வைகாசியில் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது என்று தெரிந்தது. திங்களும் வியாழனும் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். டாக்டர் சங்கரவடிவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு தடவை விட்டாலே கஷ்டம்மா. அடுத்தடுத்து ரெண்டு தடவை விட்றாதீங்க" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வடகரையில் அறை எடுத்துத் தங்கலாம் என்றால் அங்கே ஒரு அறைக்கு ஏற்கெனவே ஒன்பது பேர்.

முதல் திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள். மூன்றரை மணி நேரம் ஆயிற்று. பதினாறு வருஷத்தில் முதல்தடவையாக அவள் காலடியில் பாலம் நீண்டது. கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் எத்தனை அடி எடுத்து வைத்தாலும் தீரவில்லை. அவர் பக்கத்தில் விசிலடித்துக்கொண்டு வந்தார். அந்த வியாழக்கிழமை அவளுக்கு அலுவலகத்தில் வேலை இருந்ததால் அவர் தனியாகப் போனார். பதினைந்து நிமிஷத்தில் போய்ச்சேர்ந்துவிட்டேன் என்று போனில் சொன்னபோது அவளுக்கு விஷயம் விளங்கியது. நீளுவது அவர் பாலம் இல்லை, தன்னுடையது.

அன்றிலிருந்து அவள் கூடப் போகவில்லை. ஆசை வைத்தவளால் செய்ய முடிந்த ஒரே உதவி அதுதான் என்று தீர்மானித்துக்கொண்டாள். அவர் செருப்பு மாட்டும்போது சுவரைப் பார்த்தாள். திரும்பி வரும்போது அடுப்பைப் பார்த்தாள். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை, வலித்ததா என்று கேட்கவில்லை, பயமாக இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. அலுவலகத்தின் ஜன்னலிலிருந்து பாலம் முழுசும் தெரியும். திங்களும் வியாழனும் அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கோப்புகளில் கையெழுத்துப் போட்டாள்.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவர் கொஞ்சம் சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்தார். அவள் அடுப்பைப் பார்த்தாள். புதன்கிழமை அவர் பாதம் இரண்டும் வீங்கி, செருப்பு வார் உள்ளே பதிந்திருந்தது. அவள் வேறு செருப்பை எடுத்துவைத்தாள், கேட்கவில்லை. வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு அவர் கிளம்பினார். ஒன்பது மணிக்கு, என்னவோ மனசு கேட்காமல், அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பதினோராம் கம்பத்தடியில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நிற்கும் விதத்தை அவளுக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்.

கை தானாக டேப்பை எடுத்தது. ஓடினால் பாலம் நீளும் என்று தெரியும். அதனால் அவள் ஓடவில்லை, அளந்தாள். டேப் முனையைச் சுவர்க் கம்பியில் மாட்டி, முப்பது மீட்டர் நடந்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, திரும்பி வந்து கழற்றி, மறுபடி மாட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு, எனக்கு இங்கே ஒரு தேவையும் இல்லை, நான் அரசாங்க ஊழியர், இது என் வேலை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள். பாலம் நம்பியது. பதினோராம் கம்பம் அது இருக்க வேண்டிய இடத்திலேயே வந்தது.

"நீ எதுக்கு வந்தே?" என்றார் தாணுலிங்கம். மூச்சு வாங்கியது.

"வேலையாத்தான்."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "ஒரு மணி நேரமா நடக்குறேன் வடிவு, இந்தக் கம்பம் தாண்ட மாட்டேங்குது. திங்கக்கிழமையும் இங்கேயே நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன். போகலை" என்றார்.

திங்கள் விட்டுப்போயிற்று. இன்றைக்கும் விட்டால் இரண்டு. கடைசி ஷிப்டு மத்தியானம் இரண்டு மணிக்கு. திரும்பினால் பத்து நிமிஷத்தில் வீடு. வீட்டில் சுவரும் அடுப்பும் இருக்கின்றன, மெஷின் இல்லை.

"முனையைப் பிடிங்க," என்றாள்.

"எதுக்கு?"

"அளக்கணும். இன்னைக்கு ஆள் வரலை."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே."

"பிடிங்கன்னா பிடிங்க."

அவர் பிடித்தார். முப்பது மீட்டர் போய் நின்றார், அவள் கோடு போட்டாள், குறிப்புப் புத்தகத்தில் எண்ணை எழுதினாள், டேப்பைச் சுருட்டாமல் இழுத்துக்கொண்டு அவரிடம் போனாள், அவர் மறுபடி நடந்தார். பன்னிரண்டு. பதின்மூன்று. கபடிப் பிள்ளைகளோடு ஓடிய கால்கள், வீங்கிப்போய்த் தேய்த்துத் தேய்த்து நடந்தன. பாய்க்காரரைத் தாண்டினார்கள். இருபது. இருபத்தைந்து. வேலை என்று நினைத்தால் நடக்கிறது, நினைத்துக்கொண்டே போ, அவர் முகத்தைப் பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தவள், இருபத்தேழாம் கம்பத்தடியில் கோட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். இரண்டு மீட்டரில் கரை இருக்க வேண்டும்.

முன்னால் பாலம் போய்க்கொண்டே இருந்தது. முப்பது மீட்டர் தள்ளி ஒரு கம்பம் நின்றது. அதில் எண் இல்லை. அப்படி ஒரு கம்பத்தை அவள் நட்டதும் இல்லை, பெயிண்ட் அடித்ததும் இல்லை. அதற்கு அப்பால் இன்னொன்று, அதற்கு அப்பால் இன்னொன்று. அவள் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டி கீழே விழுந்து உடைந்தது.

"எழுது," என்றார் தாணுலிங்கம் தூரத்திலிருந்து. "இருபத்தெட்டு."

அவள் எழுதினாள். இத்தனை மாதமாக அதிகாரிகள் இல்லை என்று சொன்ன கம்பங்களை ஒவ்வொன்றாக எழுதினாள். முப்பத்தைந்து. நாற்பது. அங்கங்கே ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, கையில் எக்ஸ்ரே கவரோடு ஒருவன், வக்கீல் நோட்டீஸைப் பத்தாவது தடவையாகப் படித்துக்கொண்டே நடக்கும் ஒரு கிழவர். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. செயலகத்துக் கடிகாரம் எப்போதும்போலப் பக்கத்தில் தெரிந்தது. அதில் மணி பன்னிரண்டே கால். ஐம்பதாவது தடவை டேப்பை நீட்டியபோது தாணுலிங்கம் முனையைப் பிடித்தபடியே கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது.

அப்போதுதான் மஞ்சள் நிறம் கண்ணில் பட்டது.

எழுபது வயசு இருக்கும். தோளில் துண்டு, கையில் வெளுத்துப்போன மஞ்சப்பை. நாலு மாதம் நடந்தவரின் பொறுமையோடு மெதுவாக வந்து, தாணுலிங்கத்தின் பக்கத்தில் குனிந்து, சொந்தக்காரர்களை வழியில் பார்த்ததுபோல, "எங்கம்மா போறிய ரெண்டு பேரும்?" என்று கேட்டுவிட்டார்.

சங்கரவடிவு காதைப் பொத்தினாள். நேரம் கடந்துவிட்டது, கேள்வி உள்ளே போய்விட்டது.

தாணுலிங்கம் ஊர் வழக்கப்படி சிரித்தார். "சும்மாதான் பெரியவரே. சினிமாவுக்கு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வடக்கே இருந்த கரை, கூட்டத்தில் யாரோ பின்வாங்குவதுபோல, சத்தமில்லாமல் பின்னால் போயிற்று. கம்பங்கள் கூடின. அவள் கண்ணால் பார்த்தாள். ஐம்பத்தைந்து இருந்தது அறுபது ஆயிற்று, அறுபது அறுபத்து நாலாயிற்று, இன்னும் போகப்பார்த்தது.

"சினிமாவுக்கு இல்லை ஐயா!" அவள் கத்திவிட்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போறோம். இவருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. திங்கக்கிழமை விட்டுப்போச்சு, இன்னைக்கும் விட்டா செத்துப்போயிருவாரு. எனக்குப் பயமா இருக்கு. வைகாசியிலேர்ந்து பயமா இருக்கு. வாயைத் திறந்தா நீண்டுருமேன்னு ஒரு வார்த்தை கேக்கலை நான். திங்கக்கிழமை சீக்கிரம் வந்தாரு, ஏன்னு கேக்கலை. கால் வீங்கிச்சு, ஏன்னு கேக்கலை. செருப்பை மாத்தி வச்சேன் ஐயா, கேக்கலை."

அவள் பாலத்தின் நடுவில் நின்று அழுதாள். எக்ஸ்ரே கவர்க்காரன் நடப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

தாணுலிங்கம் டேப் முனையைக் கீழே வைத்தார். "போன வாரம் பக்கத்துக் கட்டில்காரர் மெஷின்ல இருக்கும்போதே போயிட்டாரு," என்றார். "என்கூடப் பேசிக்கிட்டே இருந்தாரு வடிவு. நான் ஏதோ ஜோக்கு சொல்றேன், பதில் வரலை. அதுக்கப்புறம் எனக்கு அங்க என் கட்டில்ல போய்ப் படுக்கப் பயமா இருக்கு. உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ சுவரைப் பாக்குறே."

அவள் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் சேர்ந்து வடக்கே பார்த்தார்கள். அறுபத்து நாலு. கரை கிட்டே வரவில்லை. ஆனால் நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது நின்ற இடத்திலேயே நின்றது. சங்கரவடிவு பதினாறு வருஷம் அளந்தவள். ஓர் இடம் அசைகிறதா இல்லையா என்று அவள் கண்ணுக்குத் தெரியாதா? சொன்ன தேவைக்கும் நீளம் உண்டு, குறையவில்லை. ஆனால் அதற்கு ஒரு முடிவு இருந்தது.

"நீங்க எங்கய்யா போறீங்க?" என்று அவள் மஞ்சப்பைக்காரரைக் கேட்டாள்.

அவர் முகம் மாறியது. நாலு மாதத்தில் யாரும் அவரைத் திருப்பிக் கேட்டதில்லை. பெயர் ஆவுடையப்பன் என்றார். ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரே பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். "பிள்ளைய எட்டு மைல் நடக்குதுவ தாயி. மழை வந்தா ஓடைல தண்ணி. போன ஐப்பசில ஒரு பிள்ளை போயிருச்சு. என் மக வயித்துப் பேத்தி" என்றார். மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் வடக்கே பார்த்ததும், அவருடைய வாய் மெல்லத் திறந்துகொண்டது. அவருக்கும் கரை பின்வாங்காமல் நின்றுவிட்டிருக்க வேண்டும்.

மிச்சப் பதினான்கு டேப் தூரத்தை நாலு பேருமாக அளந்து கடந்தார்கள். தாணுலிங்கத்தை எக்ஸ்ரே கவர்க்காரன் தோள் கொடுத்துத் தாங்கிக்கொண்டான். தன் அண்ணனுக்குத் தலையில் கட்டி என்பதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். முனையை ஆவுடையப்பன் பிடித்தார். வேலை என்று சொல்லிப் பாலத்தை ஏமாற்ற இப்போது யாரும் முயலவில்லை. பயந்துகொண்டே நடந்தார்கள், பயந்துகொண்டே அளந்தார்கள். அறுபத்து நாலு டேப்பும் பதினான்கு மீட்டரும். வடகரை மண்ணை மிதித்தபோது கடிகாரத்தில் ஒன்றே முக்கால். தாணுலிங்கம் அந்தக் கட்டிலில்தான் படுத்தார். நான்கு மணி நேரமும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வலிக்குதா, வலிக்குதா என்று, நர்ஸ் அதட்டும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வரும்போது தென்முனையில் ஏட்டு மரியசூசை பலகைக்கு அடியில் நின்றிருந்தார். அவர்கள் அளந்துகொண்டு போனதையும், நடுவில் உட்கார்ந்ததையும், எழுந்து போனதையும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எங்க போயிட்டு வர்றீங்க ஓவர்சியரம்மா?" என்றார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வடகரையில் கட்டிக்கொடுத்த தன் மகளைப் பார்த்து ஐந்து மாதமாகிறது, ஏறினால் போய்ச்சேர மாட்டோமோ என்ற பயத்தில் இங்கேயே நிற்கிறேன் என்று, அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தாணுலிங்கம் பிழைத்துவிட்டார் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை வரைக்கும் இருக்கிறார், திங்கட்கிழமை பாலம் இருக்கிறது. சங்கரவடிவு அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டை விரித்தாள். நீளம் என்ற கட்டத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு மீட்டர் என்று எழுதினாள். குறிப்பு என்ற கட்டத்தில் கை பழக்கத்தில் 'மா' என்று ஆரம்பித்துவிட்டது. அதை அடித்துவிட்டு எழுதினாள்: 'கணவருடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பயமாக இருந்தது.' கீழே கையெழுத்துப் போட்டு, அரசாங்க முத்திரையையும் குத்தினாள்.